பருவத்துப் பழம்

முற்றிய மாங்காயைப் பறித்து வைக்கோலில் மூடி வைத்தால் அது கனிந்து இனிக்கும் என்பதை யாழ்ப்பாணத்துச் சிறுவரும் அறிவர். பறித்த பின்னரும் காயிலுள்ள மாப்பொருள் வெல்லமாக மாறுவதே அதற்குக் காரணம். எல்லாப் பழங்களுக்கும் இவ்வியல்பு வாய்ப்பதில்லை. மேலைநாட்டார் விரும்பியுண்ணும் ஸ்ட்ரோபெரி, செடியினின்று பிரிந்தபின் செம்மையில் மிகலாம், இனிமையில் மிகாது.

இங்கிலாந்தில் திறந்த வெளியில் விளையும் ஸ்ட்ரோபெரிக்கு யூன், யூலை மாதங்களே நற்பருவம். தை மாதத்தில் அங்குக் கடைகளை நிறைப்பவை ஸ்பெயின், மொரோக்கோ, எகிப்து முதலிய நாடுகளிலிருந்து வருபவை. நெடும்பயணத்தில் நசுங்காதிருத்தல் வேண்டி உறுதியான இனங்களையே பயிரிடுவர். முழுதுங் கனியுமுன் பறிப்பதும் உண்டு. நிறம் நம்மை அழைக்கும், நாவோ ஏமாறும்.

இலண்டனில் வாழும் என் தமக்கையார் வீட்டில் ஒரு யூன் மாதம் தங்கியிருந்தேன். அயலிலுள்ள தோட்டமொன்றிற் பறித்த பழங்களை மருமகளிடம் நீட்டியபோது, "வேண்டாம் மாமா, அது புளிக்கும்" என்றாள். மாரியில் வாங்கிய பழத்தையே அவள் அறிவாள். வற்புறுத்தி ஒன்றை உண்பித்தோம். சிறிது நேரத்திற் கூடை வெறுமையாயிற்று.

எப்பொருளும் எக்காலத்துங் கிடைத்தல் வசதியே. குளிர்நாட்டில் அதனைக் குறைகூறல் தகாது. ஆயினும், நற்பருவத்துச் சுவையை அறியாத குழந்தை, அப்பழத்தையே வெறுக்கப் பழகிவிடுகின்றது. பழத்தை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதற்குரிய பருவம் வருமளவும் காத்திருக்கவும் பிள்ளைகளைப் பழக்குதல் நன்று. அக்காத்திருப்பும் இனிமையின் ஒரு பகுதியேயாம்.