பல்சக்கரம் காப்பாற்றிய இன்ஜின்

பாம்பன் பாலத்தின் மேல் 1914-ல் ஓடத் தொடங்கிய ரயில் மீட்டர் கேஜ். பாம்பன் தீவின் அக்காள்மடத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அதன் ஊதல்தான் கடிகாரம். கரி இன்ஜின் முதலில் போனது. 2007-ல் அகலப் பாதை வந்து மீட்டர் கேஜும் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் பிள்ளைகள் வண்டி மாறாமல் தூர ஊர்களுக்குப் போய் வருகிறார்கள். ஆனாலும் அந்தப் பாதையும் அந்த நீராவியும் சேர்ந்து எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடிப் போனேன். மேட்டுப்பாளையத்தில் இருந்தது.

அங்கிருந்து ஏறும் நீலகிரி மலை ரயிலில் இன்ஜின் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஏறக்குறைய ஓர் அடி ஏற்றம். நடுவே பல் வைத்த தண்டவாளம். அதில் இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டித்தான் அவருக்குச் சொல்கிறார்கள். இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். சாதாரண சக்கரத்தைச் சுழற்றிய நீராவியே அடுத்துப் போய்ப் பல்சக்கரத்தையும் சுழற்றுகிறது. ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இதை வடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

குன்னூரில் பல் தண்டவாளம் முடிகிறது. அங்கேயே நீராவி இன்ஜினைக் கழற்றி, ஊட்டிக்கு டீசல் இன்ஜினை மாட்டிவிடுகிறார்கள். பழசாயிற்றே, பாவம் என்று யாரும் நீராவி இன்ஜினை வைத்திருக்கவில்லை. அந்தச் செங்குத்தில் ஏற வேறு இன்ஜின் இல்லை, அதனால் இருக்கிறது. 2005-ல் இந்த ரயில் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது பெருமைதான். ஆனால் அதற்கு முன்பே நூறாண்டு காலம் இந்த ரயிலைக் காத்தது அதன் வேலை.

வேலை இருந்தால் மட்டும் போதுமா? உதிரிபாகம் தேய்ந்தால் கேட்டு வாங்க பழைய ஆலை இல்லை. திருச்சி பொன்மலைப் பணிமனைக்காரர்கள் பழைய இன்ஜினைப் பார்த்து, எண்ணெயில் எரியும் புதிய நீராவி இன்ஜினையே 2011-ல் செய்து முடித்தார்கள். பழைய இன்ஜின்களைக் கழற்றி மாட்டிய கைகள் பணிமனையில் இருந்ததால் அது நடந்தது. வரைபடம் மட்டும் இருந்திருந்தால் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் தீவிலும் அப்படிப்பட்ட கைகள் உண்டு. பாய் கட்டி வல்லம் ஓட்டத் தெரிந்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வாடைக் காற்றில் எப்படி, கச்சான் காற்றில் எப்படி என்று அவர்கள் கைக்குத் தெரியும். அந்தப் பாயை விழாவுக்கு மட்டும் விரிக்காதீர்கள் தம்பிகளா. நடுக்கடலில் மோட்டார் நின்றால் கரை சேர்க்க அதற்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. மோட்டார் வல்லத்திலேயே ஒரு சின்னப் பாயும் கிடக்கட்டும். காற்று சாந்தமாக இருக்கும் நாளாகப் பார்த்து, பெரியவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போய், மோட்டாரை நிறுத்திவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்களே பாயைக் கட்டிக் கரைக்குத் திரும்புங்கள்.