எங்கே கிடைத்தது?

நியூ ஹாம்ப்ஷயரில், நான் வசிக்கும் இடத்திலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் ஒரு காடு இருக்கிறது. காட்டுக்குள் ஒரு பள்ளம். நான்கு பக்கமும் கருங்கல் அடுக்கியது. பாதிக்கு மேல் மண்ணும் இலையும் மூடிவிட்டன. இங்கே இதை ‘செல்லர் ஹோல்’ என்பார்கள். மேலே இருந்த மரவீடு எப்போதோ போய்விட்டது, நிலவறை மட்டும் மிச்சம். பள்ளத்தின் நடுவே ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. மூலையில் ஒரு லைலாக் புதர். லைலாக் இந்தக் காட்டுச் செடி கிடையாது, யாரோ ஆசையாக நட்டது. பழைய வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் மே மாதத்தில் மரங்களுக்கிடையே லைலாக் பூ தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு காசைத் திருடினேன்.

திருட்டு என்பது பெரிய வார்த்தைதான். விற்கப் போனால் இருபது டாலர் தேறாத, தேய்ந்த செப்புக் காசு. ஆனால் வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

மெட்டல் டிடெக்டர் வாங்கியது கொரோனா காலத்தில். வாரம் முழுக்கத் திரையில் பிழை தேடுகிறவனுக்கு சனிக்கிழமை மண்ணில் தேட ஒரு சாக்கு, அவ்வளவே. ஊரில் சொன்னபோது எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “புதையல் ஏதாச்சும் கெடச்சுதா?”

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. தரைக்கு மேல் வீசிக்கொண்டே போகும் வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதில் சிறிய மின்சுழல்கள் உண்டாகி, பதிலுக்கு ஒரு புலத்தைத் தரும். இன்னொரு சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து, இரும்பா செம்பா வெள்ளியா என்று கருவி ஊகித்து ஓர் எண்ணைக் காட்டும். ஊகம்தான். சோடா டின்னின் இழுப்பு வளையமும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து விழும். இரும்புக்கு மட்டும் கரகரவென்று ஒரு தாழ்ந்த ஒலி. பழைய வீட்டு மண்ணில் அந்தக் கரகரப்பு ஓயவே ஓயாது, அத்தனை ஆணி. அதனால் என்னைப் போன்ற புதியவர்கள் முதலில் செய்வது இரும்பை வடிகட்டிவிடுவது. ஹெட்போன் அமைதியாகிவிடும். செம்பும் வெள்ளியும் மட்டும் பேசும்.

1881-இல் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இதன் முன்னோடியான ஒரு கருவியை வைத்து, சுடப்பட்ட ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேடினார். குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கத்தில் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். எது வேண்டும், எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நானும் அப்படி முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

காட்டுக்குள் எப்படி வீடு வந்தது என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. உண்மையில் வீட்டைச் சுற்றித்தான் காடு வந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தச் சரிவுகள் எல்லாம் மரம் வெட்டப்பட்ட மேய்ச்சல் நிலம். மெரினோ ஆடு வளர்த்தார்கள். ஒவ்வொரு குளிர்காலம் முடியும்போதும் மண் புதிதாகக் கல்லைத் துப்பும். அதைப் பொறுக்கிப் பொறுக்கி வேலியாக அடுக்கினார்கள். 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. மறு வருடம் ஜூன் மாதத்தில் இங்கே பனி கொட்டிப் பயிர் கருகியது. 1825-இல் ஈரி கால்வாய் திறந்து மேற்கே போக வழி பிறந்தது. கல்லில்லாத மண்ணைத் தேடிக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். இன்று மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு காடு. கல்வேலிகள் மட்டும் எதையும் காக்காமல் மரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த நிலம் எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்குச் சொந்தம். கூட்டரசு நிலமாக இருந்தால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாமல் எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அவர் சம்மதித்தார். இரண்டே நிபந்தனை. தோண்டிய குழியை மூட வேண்டும். எது கிடைத்தாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகக் காட்டினேன். தட்டையான பித்தளைப் பொத்தான்கள். தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் சிறிய உலோகத் தொப்பி, ஒரு பக்கம் நசுங்கியது. பெரிய இரும்பு சில சமயம் செம்பு போல ஒலித்து ஏமாற்றும். அப்படி வந்தது ஒரு மாட்டு லாடம். பிளவுபட்ட குளம்புக்கு இரண்டு துண்டாகத்தான் லாடம் அடிப்பார்கள், அதில் ஒரு பாதி. லாடம் கட்டுவதைச் சின்ன வயதில் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதியைக் கையில் வைத்தபோது நியூ ஹாம்ப்ஷயர் திடீரென்று கிட்டத்தில் வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் அந்தக் காசு. 1818 என்று படிக்க முடிந்தது. நம்முடைய பழைய பெரிய ஒரு ரூபாய் அளவில், கரும்பச்சையாக இருந்தது. ஒரு தட்டைக் கல்லை ஒட்டிக் கிடந்தது. துடைத்துப் பார்த்துவிட்டு பாக்கெட்டில் போட்டேன், குழியை மூடினேன். அவர் வீட்டைத் தாண்டும்போது வராந்தாவிலிருந்து, “இன்று ஏதாவது?” என்று கேட்டார். “பொத்தான் கூட இல்லை” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டிருந்தால் அவரே கொடுத்திருப்பார். கேட்டு வாங்கினால் அது நான் கண்டுபிடித்ததாக இருக்காது என்று தோன்றியதோ என்னவோ.

டிசம்பரில் டீ குடிக்கக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கிராஃப் தாளை விரித்தார். அவரும் இறந்துபோன கணவரும் பல வருடமாக வரைந்த வரைபடம். பள்ளம், கல்வேலி, புதர், தாள் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆணி. பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். கொல்லர் ஒவ்வொன்றாகக் காய்ச்சி அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பும். 1790-களுக்குப் பிறகு இயந்திரம் இரும்புத் தகட்டிலிருந்து வெட்டியது இரண்டு பக்கம்தான் கூம்பும். கம்பியில் செய்த இன்றைய உருண்டை ஆணி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. டின்னில் உருண்டை ஆணி ஒன்றுகூட இல்லை. அதற்கு முன்பே வீடு கைவிடப்பட்டிருக்க வேண்டும் என்றார்.

ஆணி அவ்வளவு மலிவில்லாத காலமும் இருந்திருக்கிறது. வர்ஜீனியாவில் வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஆணிக்காக வீட்டையே கொளுத்திவிட்டுப் போனார்கள். 1645-இல் அதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டு, வீட்டில் எவ்வளவு ஆணி இருக்கும் என்று இரண்டு பேர் கணக்கிட்டு அத்தனையைக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு செய்தார்கள்.

“உன் கருவி ஆணியைச் சொல்லாதா?”

“சொல்லும். நான்தான் இரும்பை வடிகட்டி வைத்திருக்கிறேன்.”

“அப்படியென்றால் உனக்கு வீடே கேட்டிருக்காதே” என்றார். கிண்டலாக இல்லை, பரிதாபமாக.

என் விரல்தொப்பியையும் குறித்திருந்தார். தைக்கிறவர் வெளிச்சம் வரும் பக்கம் உட்கார்ந்திருப்பார், அதனால் அங்கே ஜன்னல் இருந்திருக்கலாம் என்று ஊகித்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். “வாசல்தான் தெரியவில்லை. தெற்கே ஒரு தட்டைக் கல், கிழக்கே ஒரு தட்டைக் கல். இரண்டில் ஒன்று வாசற்படி.”

டீ ஆறிப்போனது.

இங்கிலாந்தில் 1997 முதல், பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருட்களைப் பதிவு செய்ய ஒரு திட்டம் இருக்கிறது. அங்கே பொருளைவிட முக்கியமாகக் கேட்கப்படுவது கிடைத்த இடம். நாங்கள் இதை மெட்டாடேட்டா என்போம். கோப்பை வைத்துக்கொண்டு அதை அழிப்பவனை என் டீமில் நானே திட்டியிருப்பேன்.

அன்றிரவு அம்மாவைக் கூப்பிட்டேன். “நம்ம பழைய வீட்டுல நிலை வெக்கறப்ப அடியில காசு போட்டாங்களாம்மா?”

“போடாமயா? நவதானியம், காசு, ஒரு பொட்டுத் தங்கம், எல்லாம் மஞ்சத் துணியில முடிஞ்சு உங்க தாத்தாதான் போட்டாரு.”

“இடிச்சப்ப எடுத்தீங்களா?”

“ஜேசிபிக்காரன் ஒரே நாள்ல அள்ளிட்டுப் போயிட்டான்டா. யாரு பார்த்தா?”

நானும் பார்த்தேன், வாட்ஸாப் வீடியோவில். மண்ணை எந்த ஏரியில் கொட்டினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. 1818-ஆம் வருடக் காசைக் கல்லுக்கடியில் யாராவது வைத்தார்களா, கதவைத் திறக்கும்போது பையிலிருந்து நழுவியதா? கல்லுக்கு அடியிலா, ஓரத்திலா என்று தெரிந்தால் சொல்லிவிடலாம். அதைத் தெரிந்துவைத்திருந்தது அந்த மண் மட்டும்தான். அதைக் கலைத்தது நான்.

அடுத்த சனிக்கிழமை காசை எடுத்துக்கொண்டு போனேன். பொய் சொன்னதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காசைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்கே கிடைத்தது?”

“தட்டைக் கல் பக்கத்தில்.”

“எந்தக் கல்?”

கண்ணை மூடிப் பார்த்தேன். அந்த அக்டோபர் சாயங்காலத்தில் காசு மட்டும்தான் தெரிந்தது. திசை எதுவும் இல்லை.

அவர் பென்சிலை எடுத்து, வரைபடத்துக்கு வெளியே தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். உள்ளே 1818. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. காசை என்னிடமே நகர்த்தினார். “நீயே வைத்துக்கொள். எனக்கு இது உதவாது.”

ஏப்ரல் கடைசியில் பனி உருகியதும் போனேன், வடிகட்டியை அணைத்துவிட்டு. காலை முழுக்கக் காதில் கரகரப்பு. பதினான்கு ஆணி. ஒவ்வொன்றுக்கும் பள்ளத்தின் இரண்டு மூலையிலிருந்து டேப் பிடித்து அளவெடுத்து எழுதிக்கொண்டேன். கிளம்பும் முன் இரண்டு கற்களின் பக்கத்திலும் மண்டியிட்டு, காசு எடுத்த குழியின் தடம் தெரிகிறதா என்று இலையை விலக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. அவர் சொன்ன முதல் நிபந்தனையை மட்டும் நன்றாகவே நிறைவேற்றியிருக்கிறேன்.