ஏலக்காய் வாசனையில் பத்து மீட்டர்

போடி. இரண்டு நாள் ஏர் ரைஃபிள் முகாம். பழைய ஏலக்காய்க் கிட்டங்கி. மூட்டைகள் போய் வருஷமாகிவிட்டது. வாசனை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை.

தரையில் சுண்ணாம்புக் கோடு. கோட்டிலிருந்து இலக்கு அட்டை வரை 10 மீட்டர். இரண்டு பேர் டேப் பிடித்து அளந்தார்கள். பிறகு இடம் மாறி நின்று மறுபடி அளந்தார்கள்.

அட்டையின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். அதையும் அளந்தார்கள்.

ஆனி மாதம். ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. மின்விசிறியும் கூடாது. வெளியே காற்று தகரக் கதவை உலுக்கிக்கொண்டே இருக்கிறது.

வந்திருப்பவர்கள்: சின்ன ஓவுலாபுரத்துத் திராட்சை விவசாயி. ஏலக்காய்க் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை. லேத் பட்டறைக்காரர். பல் டாக்டர். உத்தமபாளையத்திலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பெண், கூடவே அவள் அப்பா.

சொல்லித் தருபவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சார். பட்டறைக்காரருக்கு மட்டும் மாமா.

முதல் பாடத்தில் சுடுவது இல்லை. குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது எந்நேரமும் தெரிந்திருக்க வேண்டும். பேசும்போதும். வேர்வை துடைக்கும்போதும்.

ஒவ்வொரு ரைஃபிளின் குழாய்க்குள்ளும் ஆரஞ்சு நிற நைலான் கயிறு. இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியே தெரிகிறது. கயிறு தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று அர்த்தம். கயிற்றை உருவச் சொல்லும் வரை யாரும் உருவுவதில்லை.

பெல்லட் ஈயம். குறுக்களவு 4.5 மி.மீ. எடை அரை கிராம் சொச்சம். இடுப்பு சிறுத்திருக்கும், மூக்கு தட்டை. தட்டை மூக்கு அட்டையை வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். கூர் மூக்கு கிழித்துவிடும், ஓரம் தெரியாது.

பத்து என்பது அட்டையில் அரை மி.மீ. புள்ளி. பெல்லட்டின் குறுக்களவில் ஒன்பதில் ஒரு பங்கு.

மையத்திலிருந்து இரண்டரை மி.மீ. தூரத்துக்குள் பெல்லட்டின் நடு விழுந்தால் 10.0. அதன் பிறகு கால் மி.மீ. நெருங்க நெருங்க 0.1 கூடும். உச்சம் 10.9.

பதினொன்று கிடையாது.

பின் சைட்டில் ஒரு துளை. முன் சைட்டில் ஒரு வளையம். அதற்குள் அட்டையின் கறுப்பு. வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம். கண் எதைப் பார்க்க வேண்டும்? கறுப்பை இல்லை. முன் வளையத்தை. கறுப்பு மங்கலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

புள்ளி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றை நோக்கித்தான் முழு வேலையும்.

நின்று சுடும் நிலை. இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல். "எலும்பு தாங்கட்டும். சதை தாங்குனா நடுங்கும்." ரைஃபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம் என்பது விதி.

கண்ணை மூடு. இரண்டு மூச்சு. கண்ணைத் திற. இப்போது குழாய் எங்கே பார்க்கிறதோ அதுதான் உடம்பு விரும்பும் இடம். அது இலக்கை விட்டு விலகி இருந்தால் கையால் இழுக்கக் கூடாது. பாதத்தை நகர்த்த வேண்டும். ஒரு விரல்கடை போதும்.

கணக்குப்பிள்ளைக்கு இது உடனே வந்துவிட்டது. நாள் முழுக்கக் குனிந்து எழுதுகிறவர். நிமிர்ந்து நின்றதும் முகமே வேறாக இருந்தது.

உத்தமபாளையத்துப் பெண்ணுக்கு வலது கைப் பழக்கம், ஆளும் கண் இடது. இரண்டு உள்ளங்கையும் சேர்த்து நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கச் சொன்னார் சார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். தாழ்ப்பாள் எந்தக் கண்ணில் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண்.

ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றினார்கள். அப்பாவுக்கு மனசில்லை. "இடது கையிலயா சார்?"

"கண்ணுதாண்ணே சுடுது."

மூச்சு: உள்ளே இழு, பாதி விடு, நிறுத்து. நிறுத்தியதிலிருந்து எட்டு விநாடி. அதற்குள் நிலைக்கவில்லை என்றால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது, கை நடுங்குகிறது. கண்ணும் களைத்துப்போய், முன்பு பார்த்த படத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கும்.

"பைய இறக்கு."

இரண்டு நாளும் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். பைய இறக்கு தம்பி. இறக்குங்கண்ணே, பைய. பாப்பா, பைய.

உத்தமபாளையத்துப் பெண்ணின் நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி. சுட்டது. இறக்கியது.

சுடும் முன் தேநீர் கிடையாது. நாடி ஏறும். பதினோரு மணிக்கு வந்த தேநீர் அப்படியே ஆறியது. ஏலக்காய் போட்ட தேநீர்.

காற்று சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வேண்டும். டயர்க் கடை கம்ப்ரசர் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆள் மாற்றி ஆள் கைப்பம்பு அடித்தார்கள். பிறகு நாடி அடங்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பெல்லட் குழாயை விட்டுப் போகும் வேகம் விநாடிக்கு 170 மீட்டர் சொச்சம். அட்டையைத் தொடும்போது ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்குதான் கழிந்திருக்கும். இதயத்தின் ஒரு துடிப்புக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் விசையை அழுத்திய பிறகு அசையக் கூடாது. சைட்டைப் பார்த்தபடியே இரண்டு விநாடி நிற்க வேண்டும்.

போன பிறகும் நிற்பது.

மதிய இடைவேளை. சாப்பிடும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம். பெண்ணின் அப்பா பெல்லட்டைத் தொடவே இல்லை, அவரையும் கழுவச் சொன்னார் சார்.

பேச்சு: 2008, பெய்ஜிங், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதி. கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹெக்கினனும் சமம். பிந்த்ரா 10.8. ஹெக்கினன் 9.7. ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெண்கலம்.

அந்தப் பெண்ணுக்கு இளவேனில் வாலறிவனைப் பற்றித்தான் பேச வேண்டும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம். அதைவிட 630.7 என்ற எண்தான் இவளுக்கு மனப்பாடம். 2024 பாரிஸ், தகுதிச் சுற்று, அறுபது குண்டு. பத்தாவது இடம். இறுதிக்குப் போவது எட்டுப் பேர்.

பட்டறைக்காரர் சொன்னது: அதே பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலையில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். சொல்லிவிட்டு அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். விரல் இடுக்கில் கிரீஸ் கறை.

கன்னம் வைக்கும் கட்டையின் உயரத்தை ஏற்றி இறக்க ஒரு திருகாணி செய்து கொண்டுவந்திருக்கிறார். பித்தளை. கால் திருப்பில் எவ்வளவு ஏறும் என்று பக்கத்திலேயே பொறித்திருக்கிறார்.

சட்டம். ஆயுதச் சட்டம் 1959, விதிகள் 2016. ஏர் ரைஃபிள் 4.5 மி.மீ. குழாயோடும் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். நம் கையில் இருப்பது 8 ஜூல் பக்கம். 50 மீட்டருக்குப் போனால் .22 தோட்டா, லைசென்ஸ், முறையான ரேஞ்ச்.

ஓவுலாபுரத்து அண்ணன் வீட்டில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். வாய் வழியாக மருந்து கெட்டிப்பது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். ஓட்டு எண்ணி முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வருவார். ரசீதுகளைக் கட்டி வைத்திருக்கிறார்.

திராட்சைப் பந்தலில் குருவி விரட்டும் பையன்கள் கையில் கவட்டை. பழத்தின் மேல் கல் படக் கூடாது. குருவி மேலும் பட வேண்டியதில்லை. இலை சலசலத்தால் போதும்.

சங்கக் குறிஞ்சியில் தினைப்புனம் காத்த பெண்கள் கையிலும் கவண்.

பிறகு பேச்சு அரிக்கொம்பன் யானையைப் பற்றி. 2023 மே 27 கம்பம் நகருக்குள் வந்தது. 144 தடை. தெருவில் யானை ஓடிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் மலையடிவாரம், வாழைத்தோட்டம், மறுபடி மலையடிவாரம். ஜூன் 5 அதிகாலை, சின்ன ஓவுலாபுரம் பக்கம், மயக்க ஊசி.

"எங்க தோட்டத்துக்கு அந்தாண்டதான்" என்றார் அண்ணன்.

ஊசித் துப்பாக்கியும் அழுத்த வாயுவில்தான் வேலை செய்கிறது. படவேண்டியது பெரிய தசையில். யானை மயங்கிச் சரியும் இடத்தில் பள்ளம் இருக்கக் கூடாது, தண்ணீர் இருக்கக் கூடாது, மின்கம்பி இருக்கக் கூடாது, லாரி வந்து சேர வழி வேண்டும். இவ்வளவும் ஒன்றுகூடும் வரை, துப்பாக்கியோடு நிற்கிறவர் நிற்கத்தான் வேண்டும்.

எத்தனை இரவு தூக்கி இறக்கியிருப்பார்.

மதுரையிலிருந்து தேனிக்கு வரும் வழியில் உசிலம்பட்டி. அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. கைரேகைச் சட்டம் எனப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணியாமல் நின்ற ஊரைப் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. நினைவுத் தூண் இருக்கிறது.

சனி இரவு இதைப் பேசியவர் கணக்குப்பிள்ளை. அவருடைய அம்மா வழி ஊர் அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் யாரும் ரைஃபிளைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிறு. விடியும் முன் தென்னந்தோப்பு. 25 மீட்டர். பின்னால் இரண்டாள் உயர மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிவப்புத் துணியோடு காவல். அவர் துணியை மடக்கினால்தான் இங்கே கயிற்றை உருவலாம்.

தமிழ்நாட்டில் காற்றாலைகள் கூட்டமாக நிற்கும் கணவாய்கள்: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். அவற்றில் ஒன்றின் வாயில் நின்றுகொண்டு அரை கிராம் ஈயத்தை நேராக அனுப்பப் பார்க்கிறோம்.

கம்பி நட்டுக் கம்பளி நூல் கட்டினார் சார். பத்து மீட்டரில் ஒன்று, இருபதில் ஒன்று. 50 மீட்டர் போட்டிகளில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் பருத்திக் கொடி கட்டுவார்கள், 50 மி.மீ. அகலம், 400 மி.மீ. நீளம்.

தென்னை ஓலை கிழக்கே ஓடுகிறது. முதல் நூல் தெற்கே. இரண்டாவது நூல் தொங்குகிறது. ஒரே நேரத்தில், ஒரே தோப்பில்.

"ஓலையைப் பாக்காதீங்க. குண்டு ஓலை உசரத்துல போகல."

நேற்றுக் கிட்டங்கியில் ஒரே துளையாக விழுந்தது இன்று உள்ளங்கை அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ரைஃபிள் அதே. பெல்லட் அதே டப்பா.

காற்று நிற்கும் வரை காத்திருப்பது ஒரு முறை. அது இந்தப் பள்ளத்தாக்கில் ஆகாது. எப்போதும் அடிக்கும் காற்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அது திரும்பி வரும்போது மட்டும் விடுவது இன்னொரு முறை. மற்ற காற்றுக்கெல்லாம் இறக்கிவிட வேண்டும்.

திராட்சைக்காரருக்கு இது புதிதே இல்லை. மருந்து அடிக்கிறவர். நூலைப் பார்க்கும் முன்பே முகத்தைத் திருப்பிக் காதோரம் பார்த்துக்கொள்கிறார்.

படுத்த நிலை. வார் இழுத்துக் கட்டிய கையில் நாடி துடிக்கிறது. முன் வளையமும் கூடவே ஏறி இறங்குகிறது, சின்னதாக, ஒழுங்காக. என் ரத்தம் ஓடுவதை நான் இப்படிப் பார்த்ததில்லை.

துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே விட வேண்டும். அவசரப்பட்டால் வராது. அது தானாக வருகிற இடைவெளி.

தோப்பிலிருந்து பார்த்தால் மேற்கு மலை. தேவாரம் பக்கம் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வகம் வருவதாக இருந்த இடம். மலைக்குள் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பு. ஊர் எதிர்த்தது. 2022-ல் தமிழக அரசும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

நியூட்ரினோ பெரும்பாலும் எதிலும் மோதாமல் போகும் துகள். மலைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். நம் உடம்புக்குள்ளும், இந்த மண்கரைக்குள்ளும். எங்கோ ஒன்று படுகிறதா என்று பார்க்கத்தான் அத்தனை இரும்பு.

இதே மாவட்டத்தில் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பை. வைகைக் கரை. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள். தமிழ்-பிராமி எழுத்து. ஒரு கல்லில் கூடல் என்ற ஊர், ஆநிரைப் பூசல், அதில் விழுந்தவன் பெயர் அந்தவன். கொன்றவன் பெயர் எதிலும் இல்லை.

இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக விழுந்தவன் பெயர் நிற்கிறது.

பத்து மணிக்குக் காற்று மிஞ்சிவிட்டது. நூல் இரண்டும் கம்பியில் சுற்றிக்கொண்டன. சார் போதும் என்றார். எல்லாக் குழாயிலும் கயிறு.

மண்கரையைக் கிளறி ஈயம் பொறுக்கினோம். நசுங்கியவை, மடங்கியவை. ஒரு தகர டப்பாவில் சேர்த்தோம். தோப்பில் மாடு மேயும், மண்ணில் விடக் கூடாது.

கடைசியாக அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார் சார். அதிக எண் யாருக்கு என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கினார். இறக்கியது பத்தி சுட்டது பத்தியைவிட நீளம். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

வீட்டுக்கு எழுதிக்கொண்டது:

வெள்ளைச் சுவர். அட்டை வேண்டாம். பெல்லட் வேண்டாம். முன் வளையத்தை மட்டும் பார்.

காலையில், தேநீருக்கு முன்.

பாதம் முதலில், கை கடைசியில்.

இறக்கியதை எழுதி வை.

அடுத்த முகாம் எப்போது என்று பேச்சு. புரட்டாசியில் வைக்கலாம், காற்று தணிந்திருக்கும் என்றார் பல் டாக்டர். சார் ஆடி என்றார். நானும் ஆடிக்கே கை தூக்கினேன்.