எழாத கணினியும் பொய் சொல்லும் கணினியும்

கணினிக்குள் எல்லா வேலையும் ஒரு கடிகாரத் துடிப்பின்படி நடக்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் செயலி என்றால் நொடிக்கு 400 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே கிடைப்பது ஒரு நானோநொடியின் கால் பங்கு. அந்த நேரத்தில் ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் செல்லும். அதற்குள் மின்குறிகள் வரிசையாக நிற்கும் பல வாயில்களைக் கடந்து, 0 அல்லது 1 என்று நிலைபெற்றாக வேண்டும். நிலைபெறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், வழியில் நிற்கும் அரைகுறை மதிப்பே விடையாகப் பதிவாகிவிடும்.

ஒரே ஆலையில் பிறந்த சில்லுகளும் ஒரே தரத்தில் அமைவதில்லை. கோடை வெப்பம், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம், ஆண்டுகள் செல்லச் செல்ல நேரும் தேய்மானம் ஆகிய அனைத்தையும் கணக்கில் கொண்டு, சற்றுக் குறைவான வேகத்தையே தயாரிப்பாளர் பெட்டியின்மேல் அச்சிடுகிறார். அச்சிட்ட வேகத்துக்கும் சில்லு உண்மையில் தாங்கக்கூடிய வேகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை எடுத்துச் செலவழிப்பதுதான் ஓவர்கிளாக்கிங். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் பெயர் பெற்றது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட அந்தச் செயலி, மதர்போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றியதும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இலவசமாகக் கிடைத்ததுபோல் தோன்றும் வேகத்துக்கு வெப்பமாக விலை கொடுக்க நேரும். சில்லின் மின்செலவு அதிர்வெண்ணோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து உயர்வது. இரண்டையும் பத்து விழுக்காடு கூட்டினால் மின்செலவு சுமார் 33 விழுக்காடு கூடிவிடும்.

கொல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பகுதியில், மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள வாடகை அறையில் தங்கி மொழியியல் ஆய்வு செய்துவரும் தமிழ் மாணவர் ஒருவருக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது. பூட்டான் எல்லையை ஒட்டிய டோட்டோபாரா என்னும் ஊரில் பேசப்படும் டோட்டோ மொழி அவருடைய ஆய்வுப் பொருள். மறையும் அபாயம் மிகுந்த மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோ அதைக் குறித்திருக்கிறது. அதற்கு எழுத்து வடிவம் உருவாக்கிய தனிராம் டோட்டோவுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவ்வூர் முதியோரிடம் பதிவு செய்து வந்த கதைகளிலும் உரையாடல்களிலும் இரைச்சலை நீக்கி, ஒலியலையை ஒவ்வொரு சொல்லோடும் பொருத்தும் வேலையில் மாணவர் இருந்தார். இரண்டாங்கையாக வாங்கிய மேசைக்கணினியில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஓர் இரவு முழுதும் பிடித்தது. ஆய்வேட்டின் ஓர் இயலை ஒப்படைக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

எனவே பயாஸ் திரைக்குள் சென்று செயலியின் வேகத்தைச் சற்றுக் கூட்டினார்; 3200 என்று முத்திரையிட்ட ரேமை 3600இல் ஓடவிட்டார். பதினொரு நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. பன்னிரண்டாம் நாள், சித்திரை வெயில் ஏறிய நண்பகலில், 3600ஐ 3800 ஆக்கிச் சேமித்தார். மின்விசிறிகள் சுழன்றன, திரை இருளாகவே இருந்தது. கணினி தானாக அணைந்தது, மீண்டும் எழ முயன்றது, மீண்டும் அணைந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. விசைப்பலகையின் விளக்குகூட எரியவில்லை.

மறுநாள் அவர் பெட்டியைச் சுமந்துகொண்டு சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்தில் இறங்கினார். தில்லியில் உள்ள அதே பெயர் கொண்ட கடைவீதியை அறிந்தவர் பலர். கொல்கத்தாவின் சாந்தினி சௌக்கோ மின்பொருட்களுக்கும் கணினி உதிரிகளுக்கும் அந்நகர மக்கள் முதலில் நினைக்கும் இடம். அங்கே ஒரு சந்தில், இருவர் சேர்ந்து நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவுக்குச் சிறிய பழுதுநீக்கும் கடை. மாணவர் கடைக்காரரை அவ்வூர் வழக்கப்படி 'தாதா' என்று அழைத்தார். வங்காளியில் அண்ணன் என்று பொருள்படும் அச்சொல், பம்பாய் வழியாகத் தமிழ்ச் செய்தித்தாள்களுக்கு வந்து சேர்வதற்குள் ரவுடித் தலைவனாக மாறிவிட்டது. கடைக்காரர் பதிலுக்கு 'பாய்' என்றார். தம்பி என்று கொள்ளலாம்.

விவரம் கேட்டறிந்ததும் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, எதையும் சோதிப்பதற்கு முன், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாணவரின் கையில் கொடுத்தார்.

"இதை முதலில் பையில் வைத்துக்கொள், தம்பி. மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும்."

அதன்பின் நடந்த வேலையில் ஓர் ஒழுங்கு இருந்தது. மின்கம்பியைப் பிடுங்கினார். பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கியிருந்த மின்னூட்டத்தை வடித்தார். மதர்போர்டின் ஓரத்தில் சிறு விளக்குகள் நான்கு உண்டு: செயலி, ரேம், திரையட்டை, வட்டு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. முன்பு கணினி நின்றபோது எது எரிந்தது என்று கேட்டார். மாணவர் கவனித்திருக்கவில்லை. மீண்டும் மின்கம்பியைச் செருகிப் பார்த்தபோது, ரேமுக்குரிய விளக்கு எரிந்தபடியே நின்றது.

"செத்துப்போயிற்றா, தாதா?"

"சாகவில்லை. நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது."

ஓவர்கிளாக்கிங்குக்குப் பின் எழாமற்போகும் கணினிகள் பலவற்றுக்கு இந்த ஒரு வாக்கியம் பொருந்தும். பயாஸில் செய்த மாற்றங்கள், கணினியை அணைத்தாலும் அழியாத ஓரிடத்தில் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை எழும்போதும் கணினி அவற்றைப் படித்து, அந்த வேகத்தில் ரேமோடு பேச முயல்கிறது, முடியாமல் நின்றுவிடுகிறது. தவறான கட்டளையை மாற்றவேண்டுமானால் திரை வேண்டும். திரை வரவேண்டுமானால் அக்கட்டளை நீங்க வேண்டும். சில மதர்போர்டுகள் இரண்டு மூன்று முறை தோற்றதும் தாமாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். திரும்பாதவற்றை மறக்கச் செய்ய வேண்டும். மின்னிணைப்பை நீக்கிவிட்டு, சிஆர்2032 என்னும் மூன்று வோல்ட் நாணய பேட்டரியைச் சில நிமிடங்கள் வெளியே எடுத்து வைப்பது ஒரு வழி. 'கிளியர் சிமாஸ்' என்று குறிக்கப்பட்ட இரண்டு ஊசிகளை ஒரு திருப்புளி முனையால் சில நொடிகள் இணைத்துப் பிடிப்பது மற்றொரு வழி. பேட்டரியை எடுத்தும் மறக்காத பலகைகள் உண்டு. அவற்றுக்கு இரண்டாவது வழியே பயன்படும்.

கடைக்காரர் இரண்டையும் செய்தார். திரையட்டையையும் ஒரு ரேமையும் கழற்றினார். செயலியிலேயே திரைக்கான பகுதி இருந்ததால் அட்டை இன்றியே பார்க்க முடிந்தது. எஞ்சிய ஒற்றை ரேமை, மதர்போர்டு கையேட்டில் குறித்த துளையில் பொருத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அரை நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. மாணவரின் கை பொத்தானை நோக்கி நீண்டது, கடைக்காரர் தடுத்தார். நினைவிழந்து எழும் கணினி, ரேமின் கால அளவுகளைப் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிய ரேம் வகைகளில் அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அந்த இடைவேளையில் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துவோர், நல்ல கணினியையும் பழுதென்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

திரை ஒளிர்ந்தது. நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தன. பேட்டரியை இழந்த கணினிக்கு இன்று என்ன நாள் என்பதும் தெரியாது. பிறகு கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒருமுறை எழுப்பிப் பார்த்தார். ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்த்துவிட்டு மீண்டும் நின்றுபோனால், குற்றம் எதன்மேல் என்று கேட்க வழியிருக்காது. ரேம் ஆரவாரமற்ற 2666 வேகத்தில் ஓடியது. மாணவர் நிம்மதியோடு பணத்தை எடுத்தபோதுதான் கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"3800இல் எழவில்லை, சரி. 3600இல் எத்தனை நாள் ஓடியது?"

"பதினொரு நாள்."

"அந்தப் பதினொரு நாள் வேலையைப் பார்த்துக்கொள்."

எல்லை மீறிய வேகத்தில் கணினி நின்றுவிடுவது வெளிப்படையான தோல்வி. எல்லைக்கு மிக அருகில் ஓடும் கணினி நிற்பதில்லை. கோடிக்கணக்கான முறை சரியாகச் செய்துவிட்டு, ஒருமுறை ஒரு 0ஐ 1 என்று படிக்கிறது. அந்தப் பிட் வெறுமையான இடத்தில் இருந்தால் எதுவும் ஆகாது. இயங்குதளத்தின் நிரலில் இருந்தால் நீலத்திரை வரும். ஒரு கோப்பை நகலெடுக்கும்போது இடையில் இருந்தால், தவறான பிட் வட்டில் போய் அமரும். வட்டுக்கு அது தவறென்று தெரியாது. தன்னிடம் கொடுக்கப்பட்டதை அது நேர்மையாகக் காத்துவைக்கும். ஹார்ட் டிஸ்க்கைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டது நல்லதே. ஆனால் கேடு நிகழ்ந்திருந்தால், அது வட்டுக்குள் சென்று பல நாட்கள் ஆகியிருக்கும்.

ஒலிப்பதிவில் அதன் விளைவு விந்தையானது. 16 பிட் ஒலிக்கோப்பில் ஒரு மாதிரியின் மேல்பிட் மாறினால், அலைவரிசையில் திடீரென ஒரு கூர்முனை எழும். காதுக்கு அது ஒரு சின்னச் சொடுக்கு. நிறமாலைப் படத்தில் அது ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. வல்லின ஒலியொன்றின் அடைப்பு வெடித்துத் திறக்கும் கணமும் அப்படத்தில் ஏறத்தாழ அப்படித்தான் தோன்றும். இரு உயிர்களுக்கு நடுவே அக்கோடு விழுந்தால், அங்கே இல்லாத ஒரு மெய்யொலியை ஆய்வாளர் கண்டுபிடித்துவிடக்கூடும். வேறு எழுத்துச் சான்று குறைந்த மொழியில், அக்கண்டுபிடிப்பை மறுக்க எதுவும் இருக்காது.

மாணவர் அன்றிரவே 3600 வேகத்தை மீண்டும் வைத்து, மெம்டெஸ்ட்86 நிரலை ஓடவிட்டார். ரேமின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வடிவத்தை எழுதி, மீண்டும் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்ப்பதே அதன் வேலை. பின்னிரவின் குளிர்ச்சியில் ஒரு பிழையும் இல்லை. மறுநாள் நண்பகலில் சிவப்பு வரிகள் தோன்றின. வேகத்தை மறுபடியும் இறக்கிவிட்டு, அந்தப் பதினொரு நாட்களில் நகலெடுத்த கோப்புகளின் செக்சம் எண்களைக் கணக்கிட்டு, ஒலிப்பதிவுக் கருவியின் அட்டையில் இருந்த மூலங்களோடு ஒப்பிட்டார். இரண்டு கோப்புகள் வேறுபட்டன. மூலம் இருந்ததால் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. ஐந்து கோப்புகளின் மூலம் அட்டையில் இல்லை. நகலெடுத்தாயிற்று என்ற நம்பிக்கையில் அவை அழிக்கப்பட்டு, இடம் வேறு பதிவுக்குப் பயன்பட்டிருந்தது. அந்த ஐந்தும் திறக்கின்றன, ஒலிக்கின்றன. அவை சரியானவை என்றோ தவறானவை என்றோ இனி எவராலும் சொல்ல இயலாது.

தவறு கண்டதும் நின்றுவிடும் இயந்திரத்தின்மேல் கோபம் கொள்வது புதிதன்று. 1940களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஹாம்மிங் வார இறுதிகளில் ஒரு ரிலே கணினியில் கணக்குகளை ஓடவிட்டுச் செல்வார். அவ்வியந்திரம் பிழை நேர்ந்ததை உணர்ந்தால், ஆளில்லாத நேரத்தில் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை உண்டென்று அறியும் இயந்திரம், எங்கே என்றும் அறிந்து திருத்தக்கூடாதா என்ற எரிச்சலில் பிறந்தவை அவர் 1950இல் வெளியிட்ட பிழைதிருத்தும் குறியீடுகள். இன்று சர்வர்களில் உள்ள இசிசி ரேம் அந்த வழியில் வந்தது. சாதாரண மேசைக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அது இருப்பதில்லை. அவை ஹாம்மிங்கின் பழைய இயந்திரம் அளவுக்குக்கூடத் தம் பிழையை அறியா.

பிழையை அறியும் வேறொரு வழியைக் கொல்கத்தாவே கண்டிருக்கிறது. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தின் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டார். வயலுக்குப் போகாமலே எண்ணை எழுதிவரும் ஆள் இருக்கலாம். நேர்மையாக அளந்தும் பிழைபட்டவர் இருக்கலாம். எழுதி வந்த எண்ணைப் பார்த்து அதை அறிய முடியாது. எனவே ஒரே பகுதிக்குரிய மாதிரியை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனிக் கூறுகளாக்கி, ஒன்றோடொன்று ஊடாடும்படி அமைத்து, வெவ்வேறு குழுக்களை அனுப்பினார். இரு குழுக்களின் மதிப்பீடுகளும் பெரிதும் விலகினால், எங்கோ பிழை உண்டு. இந்தியாவின் முதல் எண்முறைக் கணினியான ஹெச்இசி-2எம், சுழலும் உருளையில் 1,024 சொற்கள் கொண்ட நினைவகத்தோடு, 1950களின் நடுவில் வந்து இறங்கியது அதே நிறுவனத்தில்தான். கணினி வருவதற்கு முன்பே, தனித்து நிற்கும் ஒற்றை எண்ணை நம்பலாகாது என்ற பாடம் அங்கே வந்துவிட்டது.

ஆய்வுக்காகக் கணினியின் வேகத்தைக் கூட்டுவோர் கூட்டட்டும். இரவு நீளமானது, உதவித்தொகை குறுகியது. ஆனால் கள ஒலிப்பதிவு தொடும் கணினியில் ரேமின் வேகத்தைத் தொடாதிருப்பது நலம். தொட்டால், நாளின் மிக வெப்பமான நேரத்தில் சில மணி நேரம் சோதித்தபின் நம்பலாம். அட்டையில் உள்ள பதிவை இரண்டு இடங்களில் நகலெடுத்து, செக்சம் எண்கள் ஒத்துப்போகும் வரை அட்டையை அழிக்காதிருக்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக்குக் கோப்பு ஒன்றுக்குச் சில நொடிகளே ஆகும்.

அந்த ஐந்து பதிவுகளும் மாணவரின் தொகுப்பில் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. 'ஐயத்துக்குரியவை' என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார். அவற்றிலிருந்து ஒரு சொல்லையும் ஆய்வேட்டில் எடுத்தாளவில்லை. அவற்றுள் ஒன்றில் கதை சொன்ன மூதாட்டி மழைக்காலம் முடிவதற்குள் காலமாகிவிட்டார்.