ஆயாக் கொட்டகையிலிருந்து லயம் வரை

கேமரன் மலையில் விடியல் பனியோடு வரும். ரிங்லெட்டுக்கு மேலே அமைந்திருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அந்தப் பனி விலகுமுன்பே பெரட்டு முடிந்துவிடும். பெயர் கொடுத்த பெண்கள் முதுகில் கூடையுடன் கொழுந்துக் காட்டுக்குப் புறப்படுவார்கள். அவர்களுள் என் அன்னையும் ஒருத்தி. கம்பளியில் சுற்றப்பட்ட நான் அதற்கு முன்னரே ஆயாக் கொட்டகையில் இறக்கிவிடப்பட்டிருப்பேன்.

மாலையில் வந்து நிற்பாள். "அழுதானா ஆயா?" என்று கேட்பாள். விடைக்குக் காத்திராமல் என்னைத் தூக்கி இடுப்பில் இருத்திக்கொள்வாள். அங்கிருந்து எங்கள் லயத்துக்குக் கால் மணி நேர நடை. ஏற்றத்தில் அவள் மூச்சு விரையும், இறக்கத்தில் தணியும். பச்சிலைக் கறை படிந்த விரல்கள் என் முதுகைத் தட்டிக்கொண்டே வரும். வீட்டை அடைந்ததும் என்னை இறக்கிவிட்டு அடுப்பை மூட்டப் போய்விடுவாள். பின்னர் உறங்கும்வரை பேச்சு இராது. கதை சொல்லும்படி நச்சரித்தால், சுவரைப் பார்த்தபடி "உம்" என்பாள். அந்த "உம்" எனக்குரியதன்று என்பது அச்சிறு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

என் அன்னைக்கு என்மீது பற்றில்லை என்ற எண்ணத்தோடுதான் நான் வளர்ந்தேன். ஈப்போவில் வேலை கிடைத்துக் குடியேறிய பிறகு ஒருநாள் கேட்டே விட்டேன்: "சின்னதுல நீ ஏம்மா எங்கூடப் பேசவே இல்ல?" அவள் சற்று நேரம் கழித்துச் சொன்னாள்: "மனசு இருந்துச்சு சாமி. ஒடம்புலதான் ஒண்ணும் மிச்சமில்ல." அதை நான் அன்று வெறும் சமாதானமாகவே கொண்டேன்.

2019ஆம் ஆண்டு சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பின்னாளில் படிக்க நேர்ந்தது. 31 தாயர் தத்தம் பிள்ளையை மடியில் அமர்த்தி, சிறு கேலிச்சித்திரப் படங்களை ஒன்றாகப் பார்த்தனர். அவ்வேளையில் இருவருடைய முன்மூளையிலும் நிகழும் குருதி மாற்றத்தை ஒளியின் துணைகொண்டு அளந்தனர். ஒன்றாகப் பார்க்கும் தாயின் மூளையும் சேயின் மூளையும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதுண்டு. பிள்ளை வளர்ப்பின் அழுத்தம் மிகுந்த தாயரிடத்திலோ இவ்வொத்திசைவு குறைந்திருந்தது. அவர்களுக்கு அன்பு குறைவு என்று அறிஞர்கள் கூறவில்லை. கொழுந்துக் கூடையின் பாரத்தை யாரும் அங்கே நிறுத்துப் பார்க்கவுமில்லை. ஆயினும் அன்னை சொன்ன சொல் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

அவ்வாய்வில் பங்குகொண்ட எஸ்போசிட்டோ என்பவர், 2013இல் ஜப்பானிய அறிஞர் குரோடா முதலியோருடன் வேறோர் உண்மையையும் கண்டிருந்தார். ஆறு மாதத்துக்குட்பட்ட குழவியை ஏந்தித் தாய் எழுந்து நடக்கும்போது, அதன் இதயத் துடிப்பு தணிகிறது, அழுகை அடங்குகிறது. ஏந்தியபடி உட்கார்ந்திருந்தால் அவ்வளவு பயன் விளைவதில்லை. அன்னை என்னை முதன்முதல் சுமந்து நடந்த மாலை என் நினைவில் இல்லை. உடல் அதனை அறிந்திருக்கும். பேச்சற்ற இரவுகளை எண்ணி எண்ணிக் கணக்கு வைத்த நான், அந்தக் கால் மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தேன்.

இன்று அச்சரிவுகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் பெரிதும் உழைக்கின்றனர். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் கடலுக்கு அப்பால் வளர்கின்றனர். மாலையில் தூக்கி நடக்க அவர்களுக்கு அந்தக் கால் மணி நேரமும் இல்லை. பெற்றோரின் பாசத்தை அளக்க முற்படுவோர், முதலில் அவர்கள் தோளில் ஏற்றப்பட்ட பாரத்தை அளப்பது அறம்.

சென்ற ஆண்டு அன்னையை அந்தத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். கொட்டகை இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடந்தது. கையைப் பற்றிக்கொண்டு, அவள் அடிக்கு என் அடியைக் குறுக்கி, பழைய பாதையில் மெல்ல நடத்திச் சென்றேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஏற்றம் வந்தபோது மூச்சிரைத்தது எனக்குத்தான். அவள் நின்றாள். கறை போன, சுருக்கம் விழுந்த விரல்களால் என் முதுகை இருமுறை தட்டினாள்.