தாயம் விழுந்த வியாழக்கிழமைகள்

ஒன்று விழுந்தால் தாயம். எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் கற்ற முதல் சட்டம் அது. ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். விழுந்ததும் அத்தை போடுகிற கூச்சல் தெருமுனை வரை கேட்கும். அந்தப் பழக்கத்தில்தான் 2008 அக்டோபரில், நாட்டிங்ஹாம் நகரத்துக் கடை ஒன்றின் பின்கட்டில் முதன்முதலாக நாலு பகடையை உருட்டி, அதில் மூன்று ஒன்றாக விழுந்ததும் "தாயம்!" என்று கத்திவிட்டேன். எதிரே நின்றவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் நாசம். சுட்ட குண்டு தவறும், போட்ட கவசம் பிளக்கும். என்ன கத்தினாய் என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். பொங்கல் வருவதற்குள் அந்தக் கடையில் யாருக்கு ஒன்று விழுந்தாலும் "டாயம்" என்று முனகத் தொடங்கியிருந்தார்கள்.

ஆட்டத்தின் பெயர் வார்ஹேமர் 40,000. கட்டைவிரலை விடக் குட்டையான பிளாஸ்டிக் வீரர்கள், ஆள் ஒன்றுக்குச் சுமார் 28 மில்லிமீட்டர். கை வேறு தலை வேறாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்து வருவார்கள். வெட்டியெடுத்து, பிசிறு சுரண்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி, ஒரு படை சேர்க்க வேண்டும். பிறகு ஆறடிக்கு நாலடி மேசையில் குன்று, இடிந்த கட்டடம், வேலி எல்லாம் பரப்பி எதிராளியின் படையோடு மோத வேண்டும். நகர்த்துவதற்கு அங்குல டேப், விதிக்குப் பகடை. ஓர் ஆட்டம் மூன்று மணி நேரம் போகும்.

நான் அங்கே போனது கணினி முதுகலை படிக்க. பகுதி நேரத்துக்கு ஒரு கிடங்கில் வேலை. இரவு பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே அந்தக் கடை. மற்ற கடையெல்லாம் ஐந்தரைக்கே இழுத்து மூடிவிடும் தெருவில் அது ஒன்றுதான் வியாழக்கிழமைகளில் பத்து மணி வரை விளக்கெரியும். நாலைந்து பேர் மேசை மேல் குனிந்து நிற்பது கண்ணாடி வழியே தெரியும். கேரம் ஆடுகிறார்கள் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன்.

அந்த ஊருக்கு இந்த ஆட்டம் எப்படி என்றால், பட்டாசுக்குச் சிவகாசி போல. 1975ல் லண்டனில் மூன்று நண்பர்கள் மரப்பலகை விளையாட்டுகள் செய்து விற்கத் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப், 1983ல் வார்ஹேமரையும் 1987ல் அதன் விண்வெளி வடிவமான 40,000ஐயும் கொண்டுவந்தது. அதன் தலைமையகம் நாட்டிங்ஹாமின் லென்டன் பகுதியில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்துப் பிரிந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் தனித்தனியாகக் கம்பெனி வைத்தார்கள். பொம்மைகளை ஈயக் கலவையில் வார்த்த காலத்து ஞாபகமாக அந்த வட்டாரத்துக்கே 'ஈயப் பட்டை' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெர்ரி சகோதரர்கள் என்ற இரட்டையரைப் பற்றிக் கடையில் எங்கள் ஊரில் நாகஸ்வரக்காரர்களைப் பேசுவது போலப் பேசுவார்கள். இருவரும் பொம்மை செதுக்குபவர்கள். அவர்களில் மைக்கேல், பழைய போரை நடித்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றில் பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தார். அதன்பின் இடது கையால் செதுக்கப் பழகித் தொழிலைத் தொடர்ந்தார்.

அந்தச் செப்டம்பரில்தான் 'அசால்ட் ஆன் பிளாக் ரீச்' பெட்டி வந்திருந்தது. விலை என் ஒரு நாள் கிடங்குச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இரண்டு வாரம் யோசித்து வாங்கினேன். ஒரு பக்கம் நீலக் கவசம் போட்ட விண்வெளி வீரர்கள், மறுபக்கம் ஓர்க் என்ற பச்சைத் தடியர்கள். நான் தடியர்களை எடுத்துக்கொண்டேன். ஓர்க் கூட்டத்தின் சாதாரணச் சிப்பாய்க்குக் கதையில் 'பாய்ஸ்' என்றுதான் பெயர், அதாவது பசங்க. பெட்டியில் இருபது பசங்க இருந்தார்கள். சிவப்பு அடித்த வண்டி வேகமாக ஓடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எல்லாரும் நம்புவதாலேயே அது நிஜமாகவும் ஓடும் என்பது கதை. எங்கள் பக்கத்துத் தனியார் பஸ் முதலாளிகளும் ஓர்க்குகள்தான் என்று அப்போது தெளிந்தேன்.

கடைக்காரர் ஒருவர்தான், கூட யாரும் இல்லை. மேசைக்கு வாடகை வாங்க மாட்டார். ஒரு வண்ண டப்பா வாங்கிவிட்டு ஆறு மணி நேரம் நிற்கிறவர்கள் உண்டு. ஒரு டீயைச் சொல்லிவிட்டு பெஞ்சில் தந்தி பேப்பரை முழுவதும் படித்து முடிப்பவரைப் பொறுத்துக்கொள்ளும் டீக்கடைக்காரர் மாதிரி அவரும் பொறுத்துக்கொள்வார். எல்லாரையும் "மி டக்" என்று கூப்பிடுவார். 'என் வாத்தே' என்று பொருள். அந்த ஊரில் ஆண், பெண், வயது எதுவும் பார்க்காமல் எல்லாரும் வாத்துதான். ஊரை விட்டு வந்தவனை, பெயரைத் தப்பாக உச்சரிக்காமல் ஒருவர் கூப்பிட அதை விட வசதியான வழி இல்லை.

செவ்வாய்க்கிழமை வண்ணம் தீட்டும் மேசை. முதலில் கறுப்பு அடிப்பூச்சு. பிறகு பச்சை, அதன் மேல் வெளிர்பச்சை. டப்பாக்களின் பெயர்களே தனிச் சுவை: காப்ளின் கிரீன், பிளட் ரெட், ஸ்னாட் கிரீன். கடைசியாகச் சொன்னதற்குச் சளிப் பச்சை என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலே டெவ்லன் மட் என்றொரு நீர்த்த பழுப்பு. அதை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், பள்ளத்தில் எல்லாம் தானாக இறங்கி நிழலாக நிற்கும். நேற்று ஒட்டிய பிளாஸ்டிக் இருபது வருடம் சேற்றில் புரண்டவன் போல ஆகிவிடும். கைத்திறன் இல்லாதவனையும் ஓவியன் ஆக்கிய திரவம் அது. 2012ல் வண்ண வரிசையையே மாற்றியபோது அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததும் நல்ல சரக்குதான் என்கிறார்கள். நரசுஸ் குடித்து வளர்ந்தவரிடம் வேறு காபியும் நல்லதுதான் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் அந்த 2012ல் போயிற்று. அதுவரைக்கும் சுடுவதற்கு முன்னால் தூரம் அளக்கக் கூடாது. இன்னாரைச் சுடுகிறேன் என்று அறிவித்த பிறகுதான் டேப்பை எடுக்கலாம். எட்டாவிட்டால் குண்டு வீண். கண்ணளவுதான் வீரம். ஓர்க் துப்பாக்கியின் வீச்சு 18 அங்குலம், அதாவது ஒரு முழம். முழம் என்றால் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பஸ் நிலையத்தில் பூக்காரம்மா அளந்து போடுவதைப் பார்த்தே வளர்ந்தவன். ஒரு மேசையைப் பார்த்த மாத்திரத்தில் இங்கிருந்து அங்கே ஒரு முழம், ஒன்றரை முழம் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை என்னையறியாமல் முழங்கையை மேசை மேல் நீட்டிவிட்டேன். "கையை எடு, வாத்தே" என்றார் கடைக்காரர். கையை நீட்டி அளப்பது பழைய திருட்டாம். புதிய விதிப்படி எப்போது வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம் என்றாக்கிவிட்டார்கள். சண்டை குறைந்திருக்கும். என் முழத்துக்கு மதிப்பு போய்விட்டது.

பகடைக் கணக்கும் அந்தக் கடையில்தான் எனக்கு உறைத்தது. எதிராளி 18 பகடை உருட்டுகிறார். மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால் குறி தப்பாது: 12. அந்தப் பன்னிரண்டை மறுபடி உருட்டினால் நாலும் அதற்கு மேலும் காயம்: 6. ஆறு பசங்க காலி. கணக்குப் படி. ஆனால் ஒரு வியாழக்கிழமை அந்தப் பதினெட்டில் பதினைந்து தாயம் விழுந்தது. எதிராளி ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசவில்லை.

கடையின் மூலையில் இன்னொரு மேசை உண்டு. அதில் ஓர்க்கும் இல்லை, விண்வெளியும் இல்லை. ஒரு பெரியவர் சரித்திரப் போர்கள் மட்டும் ஆடுவார். ராலி சைக்கிள் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்தவர். என் தாத்தா கடைசிவரை துடைத்துத் துடைத்து வைத்திருந்தது ராலி சைக்கிள். நான் படித்த ஜூபிலி வளாகம் நின்றதே அந்தத் தொழிற்சாலை நிலத்தில்தான். "நீ உட்கார்ந்து படிக்கிற இடத்தில் நான் ஹேண்டில்பார் வளைத்தேன்" என்பார். எந்த ஊர் என்று கேட்டார். சென்னைக்குப் பக்கம் என்று வழக்கமான பொய்யைச் சொன்னேன். பக்கம் என்றால்? வந்தவாசி என்றேன், எப்படியும் தெரியாது என்ற தைரியத்தில்.

அவர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "வாண்டிவாஷ்?"

வந்தவாசிப் போர், 1760 ஜனவரி 22. ஆங்கிலேயர் பக்கம் அயர் கூட், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி. எங்கள் ஊரில் இது சமூக அறிவியலில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அவருக்கோ ஒன்பது வருட வேலை. ஒரு பொம்மைக்கு இருபது பேர் என்ற கணக்கில் இரண்டு படையையும் தீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மண்ணில் இரண்டு வெள்ளைக்காரர் போட்ட சண்டை. இரு பக்கமும் நம் சிப்பாய்கள் ஓரத்தில் நின்றார்கள். அந்தச் சிப்பாய்களின் தலைப்பாகைக்கு அவர் மூன்று நிறம் மாற்றியிருந்தார். ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொடு என்றார். 'வந்த', பிறகு 'வாசி'. நாலு வியாழக்கிழமை ஆயிற்று.

பிரெஞ்சுப் படையின் இடப்பக்கம் ஒரு குளம். அந்தக் குளக்கரைக்கு அவர் தேங்காய்நார்க் கால்மிதியை வெட்டி ஒட்டியிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் ஊர்க் குளத்தில் கோரை இருக்கும் என்றேன். எங்கள் ஊருக்குப் பேரே கோரைப்பாயால்தான். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ஒரு பாய் அனுப்பறியாப்பா?"

"ஏன், அங்க படுக்கப் பாய் இல்லியா?"

"படுக்க இல்லப்பா, வெட்டறதுக்கு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆனாலும் அனுப்பினார். பாயோடு ஒரு கட்டு வெறும் கோரையும், கேட்காத ஊறுகாயும் இருந்தன. பெரியவரும் நானும் கோரையை அரை அங்குலமாக நறுக்கி இரண்டு செவ்வாய்க்கிழமை நட்டோம். பலகையின் ஓரத்தில் மெல்லிய தூரிகையால் நான் தமிழில் 'வந்தவாசி' என்று எழுதினேன்.

2011 ஜனவரியில் ஆடினோம். நான் லாலி. நிஜப் போரில் அந்தக் குளக்கரை அரணில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறியதில்தான் போக்கே மாறிற்று. பெரியவர் அதற்கொரு விதி எழுதியிருந்தார்: குண்டு அருகே விழும்போதெல்லாம் ஒரு பகடை, ஒன்று விழுந்தால் மட்டும் வண்டி வெடிக்கும். இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தேன். கடைசி வண்டிக்கு நானே உருட்டினேன். மேசையைச் சுற்றி நின்ற பதினோரு பேரும், கல்லாவிலிருந்த கடைக்காரரும் சேர்ந்து "டாயம்!" என்று கத்தியது தெருவில் போனவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தது. தோற்ற லாலிக்கு 1766ல் பாரீஸில் தலை போயிற்று. எனக்குப் பன்னிரண்டு டீ செலவு.

அந்த வருடம் நவம்பரில் விசா முடிந்தது. பெட்டிக்கு 23 கிலோ. புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன், கோட்டைக் கொடுத்துவிட்டேன், பசங்களைக் காலுறையில் சுருட்டிக் கொண்டுவந்தேன். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தவர் ஒரு ஓர்க்கைத் தூக்கிப் பார்த்து, "குழந்தைக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

அதன் பிறகு கல்யாணம், பையன் என்று வந்ததெல்லாம் வீட்டுக்கு வீடு உள்ள கதை. கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. நம் ஆட்கள் வீட்டிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பொம்மை எடுக்கிறார்கள். பொம்மை கிடைப்பது இன்று ஒரு கஷ்டமே இல்லை. அந்தக் கடையை மட்டும் வரைபடத்தில் தேடினேன். அந்தக் கண்ணாடியில் இப்போது செல்போன் பழுதுபார்க்கும் விளம்பரம். பெரியவருக்கு இரண்டு கடிதம் போட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது. மேசையைச் சுவரோரம் நிறுத்தி வைத்திருப்பதாகவும், கோரை கொஞ்சம் உதிர்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

தனியாக ஆடிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நானே நகர்த்தி, நானே உருட்டினேன். ஒன்று விழுந்தால் யாரைப் பார்ப்பது? பையனோடு ஆடினேன், அவனுக்கு மூன்றாவது சுற்றில் பசி வந்துவிடுகிறது. வண்ணம் தீட்டுவதாவது தனியாகச் செய்யலாம். ஆனால் எதிராளி முகத்தைச் சுளித்து, தன் செத்த வீரர்களைத் தானே ஒவ்வொருவராக எடுத்து மேசையோரம் படுக்கவைக்கும் அந்த மரியாதையை யாரும் அச்சு இயந்திரத்தில் எடுக்க முடியாது.

ஊரில் பாய் நெய்கிறவரிடம் போன மாதம் ஒன்று சொல்லி வாங்கினேன். ஆறடிக்கு நாலடி, பச்சைக் கோரை, கரை வேண்டாம் என்றேன். கூடத்தில் விரித்தால் அச்சாக அந்த மேசை அளவு. குன்றுக்குத் தெர்மோகோல் இருக்கிறது. இருபது பசங்க இருக்கிறார்கள், மூன்று பேருக்குக் கை உடைந்திருக்கிறது. நீல வீரர்களும் பெட்டியில்தான் இருக்கிறார்கள், இன்னும் ஒட்டவில்லை, வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அரை மணி நேரத்தில் சொல்லித்தருகிறேன். வந்தவாசிப் பக்கம் யாராவது இருந்தால் வியாழக்கிழமை சாயங்காலம் வாருங்கள். அளக்காமல்தான் சுட வேண்டும்.