மாதா குளக்கரையில் ஒரு காலை

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரத்தில் அமைந்துள்ளது வேளாங்கண்ணி. மொட்டையடிக்கவும், நேர்த்திக்கடன் செலுத்தவும், ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் ஏறும் திருக்கொடியைக் காணவும் அங்குச் சென்று வராத குடும்பங்கள் நம் பங்குகளில் மிகச் சிலவே. நானும் பன்முறை சென்றவனே. ஆனால் சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு பேருந்தேறியபோது, நேர்த்திக்கடன் எதுவும் எனக்கில்லை. வேலையைக் கண்டு அஞ்சி ஓடியவனாகவே சென்றேன்.

தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருபத்தோராண்டுகள் பணியாற்றி வருகிறேன். மார்ச்சு மாதம் எங்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம். காலை எட்டு மணிக்கு அமர்ந்தால் இரவு பத்து மணிக்கே எழ முடியும். இல்லம் திரும்பிய பின்னும் கைப்பேசி ஓயாது. உண்ட உணவு செரிக்கவில்லை, உறக்கம் அகன்றது, பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். இரவுச் செபமாலையில் வாய் மன்றாட, மனமோ பேரேட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, “உடலில் குறையொன்றும் இல்லை; மனத்தில் என்ன சுமை?” என்று வினவினார். “வேலைப் பளு” என்றேன். அது பாதி உண்மையே.

மறுபாதி என் சட்டைப் பையில் இருந்தது. இரு வாரங்களுக்கு முன் ரொக்கத்தில் ரூ.14,600 குறைந்தது. வங்கிக்குப் பணம் கொண்டு செல்லும் இளைஞன்மீது ஐயம் விழுந்தது. அவனை வேறு வேலைக்கு மாற்றினர். உடன் பணிபுரிவோரும் அவனிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பின்னர் ஒரு நாள், வேறொரு கோப்பினுள் லாரி வாடகைக்கான வவுச்சர் ஒன்று அகப்பட்டது. தொகை ரூ.14,600. கையொப்பம் என்னுடையது. ரொக்கப் புத்தகத்தில் பதிய மறந்தவன் நானே. உடனே சென்று கூறியிருக்க வேண்டும். இன்று கூறுவோம், நாளை கூறுவோம் என்று ஒன்பது நாட்கள் கடந்தன.

ஞாயிறு விடியற்காலை வேளாங்கண்ணியில் இறங்கினேன். வெள்ளைக் கோபுரங்கள் இளம் வெயிலில் ஒளிர்ந்தன. திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1962-ஆம் ஆண்டு பேராலயமாக உயர்த்திய கோயில் அது. பீடத்தருகே மெழுகுதிரிகளின் வெம்மை. பல மொழிகளில் முணுமுணுக்கும் மன்றாட்டுகள். திருப்பலி கண்டபின் மாதா குளத்தை நோக்கி நடந்தேன். அம்மணற்பாதையில் சிலர் முழந்தாளிட்டு ஊர்ந்து சென்றனர். கட்டடத் தொழிலாளி போன்ற ஒருவர், தென்னங்கன்றை நெஞ்சோடு அணைத்தவாறு முழந்தாளால் நகர்ந்தார். அவருடைய மனைவி முன்னே சென்று, பாதையில் கிடந்த கற்களைப் பொறுக்கி அகற்றிக்கொண்டிருந்தார்.

குளக்கரையில் ஒரு முதியவர் தம் பேத்திக்குப் பால்காரச் சிறுவனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த மரபுக் கதைதான். பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்த தன் முதலாளிக்குப் பால் சுமந்து சென்ற சிறுவன், வழியில் இக்குளத்தருகே இளைப்பாறினான். குழந்தையை ஏந்திய ஒரு பெண்மணி தோன்றிப் பால் கேட்க, மறுக்காமல் கொடுத்தான். பின்னர் முதலாளியின் வீட்டை அடைந்து, தாமதமானதையும் பால் குறைந்ததையும் கூறி மன்னிப்பு வேண்டினான். பானையைத் திறந்து பார்த்தபோது பால் நிரம்பி வழிந்தது.

“பால் கொறஞ்சதுக்கு மொதலாளி அடிக்கலையா தாத்தா?” என்று சிறுமி கேட்டாள்.

“அடிப்பாருன்னு பயந்துக்கிட்டேதான் போனான், கண்ணு. ஆனா போய் உள்ளதைச் சொன்னான் பாரு. பானை நெறஞ்சிருந்தது அப்புறந்தான் தெரிஞ்சுது” என்றார் பெரியவர்.

நாற்பது ஆண்டுகளாக இக்கதையில் நான் கண்டது நிரம்பிய பானையை மட்டுமே. குறைந்த பானையோடு நாகப்பட்டினம் வரை நடந்த அச்சிறுவனின் கால்களை அன்றுதான் கண்டேன். பானை நிரம்பியது அவனுக்குத் தெரியாது. அச்சம் நீங்கிய பின் அவன் நடக்கவில்லை; அச்சத்தோடே நடந்தான்.

எண்ணிப் பார்த்தால் இத்திருத்தலத்தின் மூன்று மரபுக் கதைகளும் உழைப்பவரின் கதைகளே. முதலாவது பால் சுமந்தவனுடையது. இரண்டாவது, நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவனுடையது. மூன்றாவது, மக்காவுவிலிருந்து கொழும்பு நோக்கி வந்து புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளுடையது. அவர்கள் கரைசேர்ந்த நாள் செப்டம்பர் 8, அன்னையின் பிறந்தநாள் என்பது மரபு. கோயிலில் செபித்துக்கொண்டிருந்தவர்களை அன்னை தேடி வந்ததாக இக்கதைகள் கூறவில்லை. சுமையோடும் கவலையோடும் தொழிலில் இருந்தவர்களிடமே அவர் வந்தார்.

மாலையில் பாவசங்கீர்த்தனத்திற்குச் சென்றேன். வேலைப் பளுவால் செபத்தில் பராக்கு, வீட்டில் சினம் என அடுக்கினேன். இறுதியில் வவுச்சரைப் பற்றியும் கூறினேன். முதிய குருவானவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மென்மையாக, “இறைவன் மன்னிக்கிறார். ஆனால் அந்தத் தம்பியின் நற்பெயரை எடுத்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டியவர் நீங்கள். அதற்கும் சேர்த்துச் செபிப்போம்” என்றார்.

வெளியே வந்து கடற்கரையில் அமர்ந்தேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஆழிப்பேரலை எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்த கரை அது. திருப்பயணிகளும் மாண்டனர். செபித்தவரைத் துன்பம் அணுகாது என்று இக்கரையில் அமர்ந்து எவரும் சொல்ல இயலாது. விசுவாசம் அலையைத் தடுக்கும் சுவரன்று. ஆனால் அலைக்குப் பின் மீண்டும் வலை பின்னவும், வீடு கட்டவும், அண்டை வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளையாய் ஏற்கவும் வலிமை தருவது அதுவே. அன்றிரவு விடுதியில் நெடுநாட்களுக்குப் பின் அயர்ந்து உறங்கினேன்.

திங்களன்று மதியத்திற்குள் ஊர் திரும்பி, நேரே அலுவலகம் சென்று வவுச்சரை மேலாளரின் மேசைமேல் வைத்தேன். என் பானை நிரம்பி வழியவில்லை. கடுஞ்சொல் கேட்டேன். அவ்வாண்டு ஊதிய உயர்வும் நின்றுபோயிற்று. இளைஞன் தன் பழைய பணிக்குத் திரும்பினான். அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்று, “முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்றான். அச்சொல் இன்றும் என்னுள் தைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வாறு தைப்பதே நன்று.

வேலை குறைந்துவிடவில்லை. கணக்குகள் இன்னும் குவிகின்றன. இரவில் அழைப்புகளும் வருகின்றன. இப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசியை அணைத்துவிடுகிறேன். மருத்துவர் கூறியபடி மாலையில் அரைமணி நடக்கிறேன். காலையில் பேரேட்டைத் திறக்குமுன் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்கிறேன். சுமை அதே சுமைதான். மறைத்துச் சுமப்பதில்லை, அவ்வளவே.

அன்பு வாசகரே, அடுத்தமுறை வேளாங்கண்ணி செல்லும்போது குளக்கரையில் சற்றே நில்லுங்கள். உங்கள் பானையில் குறைந்தது எது, அதை யாரிடம் சென்று சொல்ல வேண்டும் என்பதை அன்னையின் முன்னிலையில் எண்ணிப் பாருங்கள். பின்னர் அச்சத்தோடேனும் புறப்படுங்கள். அவ்வழியை அறிந்த தாய் உடன் வருவார்.